காலத்தே முடியும் காரியம்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குத் "திட்டம்" என்னும் சொல் புதிதன்று. ஆண்டுதோறும் மகாசபையில் திட்டங்கள் படிக்கப்படுகின்றன. தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறுகின்றன. ஆயினும், தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பணிகளுள் குறித்த நாளில், குறித்த செலவில் முடிந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்போமானால் நமக்குச் சிறிது வெட்கமே உண்டாகும். பணம் இல்லாமையால் நின்றவை சில. முறை இல்லாமையால் நின்றவையே பல என்பது நான் கண்ட உண்மை. அம்முறையைப் பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், என் மேற்பார்வையில் இருந்த விவசாயிகள் சங்கம் ஒன்று நிலக்கடலை சேமிக்கக் கிடங்கு கட்ட முற்பட்டது. நிலம் சொந்தம்; கடனும் கிடைத்தது; கொத்தனார் உள்ளூரார். ஆகஸ்டு 1ஆம் தேதி கடைக்கால் தோண்டினர். செப்டம்பர் நடுவில் சுவர்கள் எழுந்து நின்றன. அதன் பின்னரே, கூரைத் தகடு வாங்க ஒருவரும் எழுதவில்லை என்பது தெரியவந்தது. தலைவர் எழுதியிருப்பார் என்று காரியதரிசி இருந்தார். காரியதரிசி எழுதியிருப்பார் என்று தலைவர் இருந்தார். அளவு கொடுத்து வரவழைக்கும் தகடு வந்து சேர 40 நாட்கள் ஆயின. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரையற்ற சுவர்கள் நனைந்தன. அறுவடையான கடலை வீட்டுத் திண்ணைகளில் ஈரம் ஏறிக் கிடந்தது. வியாபாரி சொன்ன விலைக்கு அங்கத்தினர்கள் விற்றனர். கடனுக்கு வட்டி மட்டும் ஒரு நாளும் தவறாமல் ஏறிற்று.

இதில் என் குற்றமும் உண்டு. ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் அச்சங்கத்தைப் பரிசீலனை செய்தவன் நானே. ரொக்கப் புத்தகம், பேரேடு, செலவுச் சீட்டுகள் யாவற்றையும் ஒப்பிட்டேன். ஒரு காசும் பிசகவில்லை. கணக்கு ஒழுங்காக உள்ளதென்று குறிப்பெழுதித் திரும்பினேன். தகட்டிற்கு முன்பணச் சீட்டு ஒன்றுமில்லையே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் செப்டம்பர் இறுதியில் தகடு வந்திருக்கும். மழைக்கு முன் கூரை ஏறியிருக்கும். கணக்கு சரியாக இருப்பது வேறு, காரியம் சரியாக நடப்பது வேறு என்பதை அன்று கற்றேன்.

இனி முறையைப் பார்ப்போம். முதலாவது, நோக்கத்தைத் தெளிவாக எழுதுதல். "கிடங்கு கட்டுவது" என்பது போதாது. "இவ்வளவு மூட்டை கொள்ளத்தக்க கிடங்கை, இவ்வளவு செலவில், அக்டோபர் 10ஆம் தேதிக்குள் கட்டி முடிப்பது" என்று அளவும் செலவும் நாளும் சேர்த்து எழுத வேண்டும். இடையில் ஒருவர் முன்பக்கம் தாழ்வாரமும் வேண்டுமென்பார். வேண்டுமாயின் கட்டலாம், ஆனால் செலவையும் நாளையும் திருத்தி எழுதி, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே கட்ட வேண்டும்.

இரண்டாவது, வேலையைக் கூறு கூறாகப் பிரித்தல். மேற்கூறிய கிடங்கில் கடைக்கால் 15 நாள், சுவர் 30 நாள், கூரை 10 நாள், தளம் 15 நாள். தகடு வரவழைத்தல் 40 நாள்.

மூன்றாவது, எது எதன் பின் வரவேண்டும் என்று வரிசைப்படுத்துதல். இது நெசவாளர்க்கு விளங்காத செய்தியன்று. பாவு ஓட்டி, கஞ்சி தோய்த்து, தறியில் ஏற்றிப் பிணைத்த பின்னரே நெசவு தொடங்கும். இவற்றுள் ஒன்று ஒரு நாள் பிந்தினால் சேலையும் ஒரு நாள் பிந்தும். ஊடைக்குத் தார் சுற்றுவது அவ்வாறன்று. பாவு தெருவில் காயும்போதே வீட்டில் ராட்டையில் தார் சுற்றலாம். சிறிது முன்பின் ஆனாலும் கேடில்லை. ஆனால் பாவு தறியேறிய நாளில் தார் இல்லையென்றால் தறி நிற்கும்.

கிடங்கிலும் அப்படியே. கடைக்கால், சுவர், கூரை, தளம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருவன. கூட்டினால் 70 நாள். முதல் நாளே தகட்டிற்கு எழுதியிருந்தால் 40ஆம் நாள் வந்திருக்கும். 45ஆம் நாள் சுவர் முடியும். 5 நாள் மிச்சம். வேலை அக்டோபர் 9ஆம் தேதி முடிந்திருக்கும். சுவர் முடிந்த பின் எழுதியதால் 70 நாள் 110 நாளாயிற்று. மழையால் நின்ற நாட்கள் அதற்கும் மேல். தாமதம் பொறுக்காத வரிசை எது, சிறிது பொறுக்கும் வேலை எது என்று இவ்வாறு கணக்கிட்டுக் காணும் முறையை 1957இல் அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயனக் கம்பெனி வகுத்தது. 1958இல் அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைப் பணிக்கு இதை ஒத்த முறையொன்றைக் கையாண்டது. ஏவுகணைக்கு உதவிய கணக்கு கடலைக் கிடங்கிற்கும் உதவும்.

நான்காவது, ஒவ்வொரு கூறுக்கும் ஒருவர் பெயரை எழுதுதல். "குழு கவனிக்கும்" என்று எழுதினால் ஒருவரும் கவனியார். உதவி செய்வோர் பலர் இருக்கலாம். பதில் சொல்வோர் ஒருவரே இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வரக்கூடிய இடையூறுகளை முன்னரே எண்ணுதல். மழை வந்தால் என்ன, சிமெண்டு விலை ஏறினால் என்ன, கொத்தனார் வராவிட்டால் என்ன என்று கேட்டு விடை எழுதிக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டில் ஒரு பகுதியை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்க வேண்டும்.

ஆறாவது, வாரந்தோறும் பார்வையிடுதல். ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய பட்டைப் படம் இதற்கு ஏற்றது. மேலே வாரங்களையும் பக்கத்தில் வேலைகளையும் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் உரிய காலத்தை ஒரு பட்டையாக வரைந்து, முடிந்த அளவு வண்ணம் தீட்ட வேண்டும். அதைச் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டிவிட்டால், பின்தங்கிய வேலை எதுவென்று எழுத்தறியாதவரும் கண்டுகொள்வர்.

கடைசியாக, முடிவை முறையாக முடித்தல். வேலையை அளந்து பார்த்து ஏற்றல், பாக்கிகளைத் தீர்த்தல், மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் ஒப்பிட்டு மகாசபையில் வைத்தல் ஆகியவை முடிந்தால்தான் திட்டம் முடிந்தது. எங்கே தவறினோம் என்ற குறிப்பு அடுத்த திட்டத்திற்கு முதலாகும்.

அதே சங்கம் மறு ஆண்டு உலர்களம் அமைத்தது. இம்முறை சுவரில் படம் இருந்தது; ஒவ்வொரு பட்டைக்கும் எதிரே ஒருவர் பெயர் இருந்தது. நான் சென்ற நாளில், கணக்குப் புத்தகத்தைத் திறக்குமுன் அச்சுவரின் முன்தான் நின்றேன். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே களம் முடிந்தது. சங்கத்தின் பணம் என்பது ஒவ்வொரு அங்கத்தினரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணம். அதைப் பூட்டிக் காப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அதைக் கொண்டு தொடங்கிய காரியத்தைக் காலத்தே முடிப்பதும் நம் கடமையே. அடுத்த மகாசபையில் ஒரு திட்டம் படிக்கப்படும்போது, "முடியும் நாள் எது? பொறுப்பாளர் யார்?" என்று ஒவ்வொரு அங்கத்தினரும் எழுந்து கேட்பாராக.