அடுக்குமாடி வீட்டில் மாவாட்ட: எந்த கிரைண்டர், எந்தப் பாத்திரம்?

அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, ஓர் இரவு புளித்தால் இட்லி மாவு. தனி வீடுகளில் ஆட்டுக்கல்லுக்குப் புறக்கடையில் இடம் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் அடுப்பு மேடையின் ஒரு மூலைதான் மிஞ்சும். அங்கே வைக்கும் கருவி மாவின் தேவைக்குப் பொருந்த வேண்டும். இடத்துக்கும் அடங்க வேண்டும்.

இந்தத் தேவைக்கு விடை தந்த ஊர் கோயம்புத்தூர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகளோடு வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார் தொழிலும் இங்கே வளர்ந்தன. மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை 1955இல் உருவாக்கியவராகக் கோவையின் பி. சபாபதி அறியப்படுகிறார். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லும் உள்ளூர் மோட்டாரும் சேர்ந்து அது பெருந்தொழிலாயிற்று. பின்னாளில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது.

முதல் கேள்வி: மிக்ஸி போதாதா? சட்னிக்கும் மசாலாவுக்கும் போதும்; உளுந்துக்குப் போதாது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள பிசுபிசுப்பான கூட்டுச்சர்க்கரையும் காற்றைப் பிடித்துவைப்பதால்தான் மாவு பஞ்சுபோல் எழும்புகிறது. மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று மாவைச் சூடாக்கிவிடும். கல்லோ மெதுவாக உருண்டு நசுக்கி, காற்றையும் உள்ளே சேர்க்கிறது. மின்செலவும் பயப்படும்படி இல்லை: 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட்தான்.

அடுத்தது கொள்ளளவு. 200 மில்லி டம்ளரில் நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்பது நான்கு பேர் உள்ள வீட்டின் வழக்கமான அளவு. உளுந்தை முதலில் ஆட்டி எடுத்துவிட்டு அரிசியைப் போடுவதால், டிரம்மில் ஒரே நேரத்தில் நிற்பது அரிசி மட்டுமே. ஊறிய அரிசியும் தண்ணீரும் சேர்ந்து சுமார் ஒன்றரை லிட்டர் வரும். ஆகவே 2 லிட்டர் டேபிள்டாப் போதும். ஓரிருவர் உள்ள வீட்டுக்கு ஒன்றேகால் லிட்டரே தாராளம். மிகப் பெரிய டிரம்மில் கைப்பிடி உளுந்தைப் போட்டால் கல்லில் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

டேபிள்டாப்பில் டிரம்மைக் கழற்றித் தூக்கி மாவை வழிக்க வேண்டும். டில்டிங் வகையில் சாய்த்தாலே மாவு வழியும். முதுகுவலி உள்ளவர்களுக்கு அது வசதி, ஆனால் இடம் கூடுதலாகப் பிடிக்கும். வாங்கும்முன் டிரம்மைக் கல்லோடு ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது. டிரம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கல் எளிதில் கழன்று கழுவ வர வேண்டும். சர்வீஸ் பக்கத்தில் கிடைக்க வேண்டும். தேங்காய்த் துருவியும் மாவு பிசையும் இணைப்பும் பயன்படுமென்றால் மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம். புதுக் கல்லில் முதலில் கொஞ்சம் அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டால் கல்தூசி போய்விடும்.

கீழ்வீட்டுக்கு அதிர்வு இறங்காமலிருக்க, கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பைப் போட்டுச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். எடுத்துவைத்துத் திரும்பத் தூக்குவது சிரமம். மேடையில் நிலையான இடமும் அருகில் பிளக்கும் இருந்தால்தான் கிரைண்டர் தொடர்ந்து பயன்படும்.

புளிக்கவைக்கும் பாத்திரத்துக்கும் அதே கவனம் வேண்டும். மாவு பொங்கி இரண்டு மடங்காகும். சொன்ன அளவுக்கு 5 லிட்டர் எவர்சில்வர் தூக்கு சரியாக இருக்கும். புளித்த மாவு அமிலத்தன்மை உடையது என்பதால் ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் ஆகாது. மூடி காற்றுப் புகாதபடி இறுகியிருக்கத் தேவையில்லை. ஈஸ்டும் சோடாவும் வேண்டாம்: உளுந்தில் இயல்பாகவே உள்ள லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் கரியமில வாயுவை உண்டாக்கி மாவை எழுப்பும்.

அவற்றுக்கு உகந்தது 30 டிகிரி செல்சியஸ் சூடு. சித்திரை வெயிலில் ஏழெட்டு மணி நேரத்தில் மாவு தயார். மார்கழி, தை மாதங்களில் கோவையின் இரவு குளிரும்; பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அப்போது பாத்திரத்தைக் கனத்த துணியில் சுற்றி, அடுப்பு அணைந்த மேடைமீதோ, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள்ளோ வைக்கலாம். பொங்கிய மாவைச் சிறிய டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுக்கலாம். மீதி மாவு சீக்கிரம் புளித்துப்போகாது.

பணம் குறைவென்றால் வாங்கும் வரிசை இது: முதலில் அளவான கிரைண்டர், அடுத்து அகலமான தூக்கு, பிறகு இரண்டு மூன்று சிறிய டப்பாக்கள். இவை நான்கைந்து நாள் காலைப் பலகாரத்துக்குப் போதும்.