பெட்டியைத் திறக்காமலே விடுவதும் ஒரு வேலை

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களை எல்லாம் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் துறைமுகமே ஸ்தம்பித்துப்போகும். எதைத் திறக்க வேண்டாம் என்று சரியாகக் கணிப்பதில்தான் இந்தியச் சுங்கத் துறையின் திறமை இருக்கிறது.

சரக்கை வரவழைப்பவர், அல்லது அவருக்காக உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் புரோக்கர், ‘பில் ஆஃப் என்ட்ரி’ எனும் இறக்குமதிப் பத்திரத்தைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் தாக்கல் செய்கிறார். என்ன பொருள், எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை, எவ்வளவு வரி என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். 2011 முதல் இந்தச் சுயமதிப்பீடுதான் சட்டம்.

அதில் முக்கியமானது பொருளுக்குரிய எண். உலக சுங்க அமைப்பின் பட்டியல் 1988இல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் நாடுகளுக்குப் பொது. இந்தியா மேலும் இரண்டு சேர்த்து எட்டாக்கியிருக்கிறது. தண்ணீர் குடிக்கும் டம்ளரையே பாருங்கள்: பிளாஸ்டிக் என்றால் 39ஆம் அத்தியாயம், பீங்கான் 69, கண்ணாடி 70, எவர்சில்வர் 73. எண் மாறினால் வரியும் மாறலாம். அதனால்தான் இத்தனை தகராறு.

கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்றால் 10,000. அந்த வரியின் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம், 1,000. இவற்றையும் சேர்த்த 1,11,000க்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 19,980. ஆக மொத்தம் 30,980 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி கடைசித் தொகையைப் பொதுவாகத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் கைவிட்டுப் போனவைதான். விலையைக் குறைத்துக் காட்டும் ஆசை அங்கேதான் வருகிறது.

இதைப் பிடிக்க 2005 முதல் கணினி துணை நிற்கிறது. இறக்குமதியாளரின் பழைய நடத்தை, பொருள், நாடு ஆகியவற்றை அலசி, சில சரக்குகளை நேராக விடுகிறது; சிலவற்றை மதிப்பீட்டுக்கோ நேரடிச் சோதனைக்கோ அனுப்புகிறது. சோதனையில் முதலில் சீல் எண் சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. சென்னைச் சரக்கின் பத்திரத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பரிசீலிக்கலாம். யாருடைய மேசைக்குப் போகும் என்பது இறக்குமதியாளருக்குத் தெரியாது. ஊழலைத் தடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு இத்துறையில் வந்ததில்லை என்பேன்.

வரியும் கட்டி ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ எனும் விடுவிப்பு உத்தரவு கிடைத்தால் சரக்கு வெளியே போகலாம். கணக்கு அதோடு முடிவதில்லை. வரி குறைவாகக் கட்டியது தெரிந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நோட்டீஸ் வரும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஐந்து ஆண்டுகள் வரை வரலாம்.