பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச்: கழற்ற மெஷின், கடைசி இறுக்கத்துக்குக் கை

ஆறடி ரோட்டவேட்டரில் பொதுவாக 42 பிளேடுகள் இருக்கும். பிளேடுக்கு இரண்டு என்று வைத்தால் 84 போல்ட்டு, 84 நட்டு. சேற்றிலும் ஈரத்திலும் கிடந்து துருவேறிய இந்த நட்டுகளை ஸ்பேனர் போட்டு, பிடியில் பைப்பைச் செருகி, ஒருவர் பிடிக்க ஒருவர் மிதிக்கக் கழற்றி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால்தான் பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் இப்போது பஞ்சர் கடையைத் தாண்டி உழவர் வீட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல கருவிதான். வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீளமான பைப்பை வைத்து நெம்பியபோது நீங்கள் ரோட்டவேட்டருக்கு வெளியே நின்றீர்கள். ரெஞ்ச் குட்டையானது. நட்டுக்கு நேராகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்காகத் தலையையும் தோளையும் தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் நுழைக்கிறோம். வேலை எளிதானது, நாம் இருக்கும் இடம்தான் ஆபத்தாகிவிட்டது.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே மோட்டாரோடு சேர்ந்து ஒரு சுத்தியல் சுற்றுகிறது. நட்டு லேசாகத் திரும்பும்வரை சும்மா சுற்றும். நட்டு முரண்டு பிடித்ததும், அந்தச் சுத்தியல் பின்வாங்கிப் பின்வாங்கி, சாக்கெட் மாட்டும் முனையைப் பக்கவாட்டில் அடிக்கும். நிமிடத்துக்கு 2,000 அடிக்கும் மேல் விழும். கை வலிக்காமல் பெரிய நட்டும் கழலுவது இதனால்தான். அடி முழுவதும் நட்டுக்கே போவதால், எவ்வளவு விசை போகிறது என்பது உங்கள் கைக்குத் தெரியாது.

பெட்டியின் மேல் 600 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் என்ன பொருள்? ஒரு மீட்டர் நீளப் பைப்பின் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். தலையில் 8.8 என்று பொறித்த 12 மி.மீ. போல்ட்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 80 முதல் 90 நியூட்டன் மீட்டர்தான். மிச்ச விசை எங்கே போகும்? போல்ட்டு நீண்டு இளைக்கும், அல்லது மரை அரைந்துபோகும். இதற்குப் பிறகு வருகிறேன்.

வோல்ட் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம், கடையில் இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். வரிசையாக ஐந்து லித்தியம் செல் வைத்த பேட்டரியின் சராசரி அழுத்தம் 18 வோல்ட், முழு சார்ஜில் 21 வோல்ட். ஆகவே 18, 20, 21 என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒரே பேட்டரிதான். அதே ஐந்து செல் பேட்டரியின் மேல் 88, 128 என்று பெரிய எண்ணை அச்சடித்திருந்தால் அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். கெட்டியான சமதரையில் டிராக்டரை நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி, சட்டத்தின் இரு பக்கமும் அடியில் ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டைகளை வைத்து, எடை முழுவதும் அதன்மேல் உட்காரும்படி மெதுவாக இறக்குங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது. இன்ஜினை அணைத்தாலும் எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கலாம். ஹோஸ் வெடித்தாலோ, யாராவது லிவரைத் தட்டிவிட்டாலோ ஒரே கணத்தில் விழும். பல நூறு கிலோ இரும்பு அது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக்கு ஆகாது. மேலிருந்து பாரம் தாங்குவதுபோல் தெரியும், ஒரு அதிர்வில் பிளந்துவிடும். ரெஞ்ச் கொடுப்பதே அதிர்வுதான். பி.டி.ஓ.வை விடுவித்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிராக்டரில் ஏறி விளையாடும் பிள்ளை இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

பி.டி.ஓ. ஷாப்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது இன்னும் நல்லது. ஆனால் அப்போது ரோட்டார் எளிதாகச் சுழலும். ரெஞ்ச் நட்டை அடிக்கும்போது நட்டு திரும்பாமல் ரோட்டாரே திரும்பி, பக்கத்துப் பிளேடு உங்கள் மணிக்கட்டை நோக்கி வரும். பிளேடுகளுக்கும் சட்டத்துக்கும் இடையில் உறுதியான மரத்துண்டைச் செருகிச் சுழலாமல் செய்த பிறகே தொடங்குங்கள். இன்னொரு கையால் பிளேடைப் பிடித்துக்கொண்டு ட்ரிக்கரை அழுத்துவது விரலைக் கொடுப்பதற்குச் சமம். போல்ட்டின் தலை கூடவே சுற்றினால் அதற்கு ஒரு ரிங் ஸ்பேனர் மாட்டி, அந்த ஸ்பேனர் சட்டத்தில் சாய்ந்து நிற்கும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம்.

அடுத்து சாக்கெட். வீட்டில் இருக்கும் பளபளப்பான சாக்கெட் செட் கை ஸ்பேனருக்கானது. அதன் சுவர் மெல்லியது, உலோகம் கடினமானது. ரெஞ்சின் அடியில் விரிசல் விட்டுச் சில்லாகத் தெறிக்கும். இம்பாக்டுக்கு என்றே செய்த சாக்கெட் பெரும்பாலும் கறுப்பு நிறத்தில், தடித்த சுவரோடு, குரோம் மாலிப்டினம் எஃகில் வரும். பிளேடு நட்டு பெரும்பாலும் 19 அல்லது 22 மி.மீ. அளவு, உங்கள் ரோட்டவேட்டருக்கு எது சரியாக உட்காருகிறதோ அதை மட்டும் முதலில் வாங்கினால் போதும், பெரிய செட் தேவையில்லை. ரெஞ்சு வாங்கிய கையோடு சாக்கெட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்காதவர், பாதி வாங்கியவர்தான். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு ஆகாது. பக்கமும் மறைக்கும் கண்ணாடி வேண்டும். துரு, காய்ந்த மண், உடைந்த போல்ட்டுத் துணுக்கு எல்லாம் முகத்தை நோக்கித்தான் வரும். சாயங்காலம் பக்கத்தில் குனிந்து டார்ச் அடிக்கும் பையனுக்கும் ஒன்று கொடுங்கள். கண்ணில் இரும்புத் துணுக்கு பட்டால் கசக்கக்கூடாது. முந்தானை நுனியாலும் நகத்தாலும் எடுக்கக்கூடாது. கண்ணை அழுத்தாமல் மூடி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

நட்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊறவிடுங்கள். சாக்கெட் முழுவதும் உட்கார்ந்த பிறகு அழுத்துங்கள். ஐந்து, ஆறு விநாடி அடித்தும் அசையாத நட்டை விடாமல் அடித்தால் மோட்டார்தான் சூடாகும். ஒருமுறை இறுக்கும் பக்கம் லேசாகத் தட்டி, பிறகு கழற்றும் பக்கம் தட்டினால் துருவின் பிடி விடும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நட்டில் வைக்கும் முன் காற்றில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு நட்டு பெரும்பாலும் இடது மரை. வழக்கம்போல் கழற்ற நினைத்து அடித்தால் மேலும் இறுகிப் பாழாகும்; அதற்குக் கை ஸ்பேனரே போதும். சாக்கெட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அல்லது திசை மாற்றும் பொத்தானை நடுவில் வையுங்கள். பெரும்பாலான ரெஞ்சுகளில் நடுவில் இருந்தால் ட்ரிக்கர் பூட்டிக்கொள்ளும்.

எல்லாப் பிளேடுகளையும் கழற்றிக் குவிக்காமல் ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் அதே பக்கம் திரும்பிய புதியதைப் போடுங்கள். இடது, வலது மாறினால் ரோட்டவேட்டர் உதறும்.

இப்போது இறுக்குதல். உழவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நட்டைக் கையால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டு மரை மாறி உட்கார்ந்திருக்கிறது. ரெஞ்ச் அதையும் ஏற்றிவிடும், மரையை அறுத்துக்கொண்டு. பிறகு ரெஞ்சை ஓரிரு விநாடி, நட்டு வாஷரில் உட்காரும்வரை மட்டும் அழுத்துங்கள். கடைசி இறுக்கம் கை ஸ்பேனரில், அல்லது டார்க் ரெஞ்சில், கையேட்டில் சொன்ன அளவுக்கு. அளவுக்கு மீறி இறுக்கிய போல்ட்டு அன்றைக்கு உடையாது. நீண்டு பிடிப்பு இழந்து, ஓட்டும்போது உடைந்து பிளேடு பறக்கும். புதுப் பிளேடு போட்டு ஓர் ஏக்கர் ஓட்டியதும் நிறுத்தி, ஒரு முறை கை ஸ்பேனரால் சரிபாருங்கள்.

சக்கர நட்டுக்கும் இதே முறைதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி போட்டு, ஜாக்கியோடு முட்டும் கொடுங்கள். மாட்டும்போது எதிர் எதிர் நட்டாக இறுக்க வேண்டும். இரண்டு பாதியைப் போல்ட்டு போட்டு இணைத்த ரிம்மாக இருந்தால் காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தொடவே கூடாது. காற்றின் அழுத்தத்தில் ரிம் வெடித்துப் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து.

தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, தளர்ந்த நூல் கையுறை எதுவும் வேண்டாம்; சாக்கெட்டில் சுற்றிக்கொண்டால் விரலையும் இழுக்கும். கையுறை போட்டால் கையோடு ஒட்டியதாக இருக்கட்டும். இதன் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 84 நட்டு கழற்றும் நாளில் காதுக்கு அடைப்பான் வையுங்கள். விரல் மரத்துப்போனால் நிறுத்தி ஓய்வு கொடுங்கள்.

கடைசியாகப் பேட்டரி. சித்திரை வெயிலில் டிராக்டரின் டூல் பாக்ஸில் போட்டு வைக்காதீர்கள். அங்கே ஆணியும் போல்ட்டும் பேட்டரியின் முனைகளில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். அதோடு வந்த சார்ஜரில் மட்டும், சிமென்ட் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வைக்கோல் போர், கூரைக் கொட்டகை, சாக்கு, டீசல் கேன் அருகே வேண்டாம். உப்பிய பேட்டரி, தண்ணீரில் விழுந்த பேட்டரி இரண்டையும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். பிரித்துப் பார்க்கவும் கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.