கலவாத நீர்மங்களின் எல்லையில் மின்வேதியியல்

நைட்ரோபென்சீன், 1,2-டைகுளோரோஈத்தேன் போன்ற கரிமக் கரைப்பான்கள் நீரோடு கலப்பதில்லை. ஆதலால் அவற்றுள் ஒன்றை நீருடன் ஒரே கலத்தில் ஊற்றினால், அடர்த்தி மிகுந்த கரைப்பான் அடியில் தங்க, நீர் மேலே நிற்க, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள எல்லை உருவாகிறது. இரு நீர்மங்களிலும் மின்பகுபொருள், அதாவது அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும் உப்பு, கரைந்திருக்குமாயின் இவ்வெல்லையே ஒரு மின்முனையாகச் செயல்படுகிறது. உலோக மின்முனையின் பரப்பில் எலக்ட்ரான் கைமாறுவதால் மின்னோட்டம் பிறக்கிறது; இங்கோ அயனியே ஒரு நீர்மத்தை விட்டு மற்றொன்றினுள் புகுவதால் பிறக்கிறது. எனவே ஆக்சிஜனேற்றமோ ஒடுக்கமோ நிகழாமலேயே ஒரு பொருளை மின்வழியாக அளக்க இயலுகிறது என்பதே இத்துறையின் தனிச்சிறப்பு.

நீரிலுள்ள அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றியிருப்பதால், அது எல்லையைக் கடப்பதற்கு ஆற்றல் தேவைப்படுகிறது. உருவில் சிறிய லித்தியம் அயனியை நீர் இறுகப் பற்றியிருப்பதால் அது எளிதில் கடப்பதில்லை. உருவில் பெரிய டெட்ராமெத்தில் அம்மோனியம் அயனி அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே கடந்துவிடுகிறது. ஆகவே எல்லையின் இருபுறத்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைச் சீராக மாற்றி வந்தால், மின்னோட்டம் எழும் இடம் அயனியின் தன்மையையும், எழுச்சியின் உயரம் அதன் செறிவையும் காட்டுகின்றன.

1902ஆம் ஆண்டிலேயே நெர்ன்ஸ்டும் ரீசன்ஃபெல்டும் நீர், ஃபீனால் ஆகியவற்றின் எல்லையை அயனிகள் கடப்பதை ஆராய்ந்தனர் எனினும், கரிம நீர்மத்தின் மிகுந்த மின்தடை துல்லியமான அளவீட்டுக்கு நெடுங்காலம் இடையூறாக இருந்தது. 1960களின் இறுதியில் பிரான்சில் கவாஷ், இவ்வெல்லையின் மின்னழுத்தத்தைப் புறத்திலிருந்து கட்டுப்படுத்தலாம் எனக் காட்டினார். 1970களில் பிராகில் கொரிட்டாவும் அவருடன் பணியாற்றியோரும் அதற்குரிய கோட்பாட்டையும் கருவிகளையும் வகுத்தனர். அங்கு உருவான நான்கு மின்முனை அமைப்பில், இரண்டு மின்முனைகள் மின்னோட்டத்தைச் செலுத்த, எல்லையின் இருபுறமும் அதையொட்டி வைக்கப்பட்ட வேறிரண்டு மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் உணர்கின்றன. மின்தடையால் நேரும் பிழை இதனால் பெரிதும் குறைகிறது.

நரம்புகளிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின், உலோக மின்முனையில் எளிதில் வினைபுரியாத பொருளாயினும், நேர்மின் அயனியாக இருப்பதால் இவ்வெல்லையில் அளவிடத்தக்கதாகிறது. வாலினோமைசின் என்னும் மூலக்கூறு கரிம நீர்மத்தில் கரைந்திருந்தால், அது பொட்டாசியம் அயனியைத் தன்னுள் அணைத்துக்கொண்டு கடத்துவதால், சோடியம் மிகுந்த கரைசலிலும் பொட்டாசியத்தைத் தனித்து அறியலாம். மருந்துகள் பல உடலில் அயனி வடிவில் உலவுகின்றன; அவை கொழுப்புத் தன்மையுள்ள உயிரணுச் சவ்வினுள் எந்த அளவுக்குப் புகும் என்பதை மதிப்பிட, மின்சுமையற்ற வடிவத்தின் கரைதிறன் மட்டும் போதாது; அயனி வடிவம் நீரை விட்டு நீங்க ஆகும் ஆற்றலையும் அறிய வேண்டும்; அதை நேரடியாக அளந்து தருவது இவ்வெல்லையே.