கைக்கடிகாரம் எண்ணாத துடிப்பு

தங்கவயலில் வயதானவருக்கு மூச்சு வாங்கினால், "சுரங்கத் தூசி" என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். சிலிக்கோசிஸ் எத்தனையோ குடும்பங்களை வாட்டிய ஊர் இது. அப்படி நினைப்பதில் வியப்பில்லை. இப்போது அந்தப் பேச்சுக்கு இன்னொரு சாட்சியும் சேர்ந்திருக்கிறது: பிள்ளைகள் வாங்கித் தரும் ஸ்மார்ட் வாட்ச்.

2001-ல் சுரங்கம் மூடும் வரை சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், நாலடி நடந்ததும் நின்றுவிடுவார். "வாட்ச் 80 காட்டுது அண்ணே, ஹார்ட் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

எனக்கு ஏழு வருடமாக 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற ஒழுங்கற்ற துடிப்பு உண்டு. ஆகையால் அந்த 80-ஐ நான் நம்பவில்லை. இந்நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும்; கீழறைகள் தாளம் தப்பித் துடிக்கும். ஒரு துடிப்பை ஒட்டியே அடுத்தது வந்துவிட்டால், இதயத்தில் ரத்தம் நிரம்ப நேரமிராது. அந்த வலுவற்ற துடிப்பு மணிக்கட்டை எட்டாது. வாட்ச்சோ தோலில் பச்சை ஒளி பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. வந்து சேராததை எப்படி எண்ணும்? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கும் இதே கதிதான்.

வற்புறுத்தி ஈ.சி.ஜி. எடுக்கவைத்தோம். அதில் 118, அந்நேரம் வாட்ச்சில் 82. அவருக்கும் என் நோயேதான். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட இந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாதிருக்க ஒன்று என்று டாக்டர் எழுதினார். எக்கோ பரிசோதனைக்கு மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் வந்தோம்.

வாட்ச்சை அடியோடு தள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆப்பிள் வாட்ச் ஆய்வு 2019-ல் வெளியானது. 'துடிப்பு ஒழுங்கில்லை' என்ற எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதமே. அவர்களில், பிறகு நெஞ்சில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு இந்நோய் தென்பட்டது. வாசற்காவலாக இருக்கட்டும், கணக்குப்பிள்ளை வேலை அதற்கு ஒத்துவராது.

நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே அளப்பதால் இந்த விஷயத்தில் மேல். கையால் நாடி பார்ப்பவர்கள் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கையைவிடத் தாளம் சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். ரத்த அழுத்த மெஷினும் எங்களைப் போன்றவர்களிடம் தடுமாறும். மூன்று முறை அளந்து சராசரி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.