உங்களுக்குத் தெரியுமா? புத்தூரிலிருந்து மேடில்லாத மிதிவண்டிப் பாதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து வறண்ட பள்ளத்தாக்குப் பூங்கா ஒன்றில் ‘ரிம் ராக் டிரைவ்’ என்றொரு சாலை உண்டு. நீளம் சுமார் 37 கி.மீ. செம்பாறை விளிம்பில் மூச்சு வாங்க ஏறும் அந்தப் பாதையில் 1980-களில் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமே நடந்தது.

நம் திருச்சி புத்தூர்க்காரர்களுக்கு வாய்த்தது இதற்கு நேர்மாறு. புத்தூர் நாலு ரோட்டிலிருந்து வயலூர் சாலையில் மேற்கே மிதித்தால், சோமரசம்பேட்டை தாண்டி வயலூர் முருகன் கோயில் வரை பெரிய ஏற்றமே கிடையாது. வழியெங்கும் வயலும் வாழையும் தென்னையும். காரணம் இந்தப் பகுதியில் பாயும் உய்யக்கொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து சுமார் 70 கி.மீ. ஓடும் இது, சோழர் காலத்து வெட்டு. தண்ணீர் தானாக வழிந்தோட, மிக மெல்லிய சரிவுள்ள நிலத்தைத் தேர்ந்து வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சமநிலத்தின் பலன் இன்று நம் முழங்காலுக்கும் கிடைக்கிறது! ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நில அறிவு வியக்க வைக்கிறது.

விடியலில் கிளம்புங்கள்; போகும்போது வெயில் முதுகில்தான் விழும். ஆனி, ஆடியில் மேல்காற்று முகத்தில் அறையும், திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். காவிரிக்குத் தண்ணீர் விட மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் ஒருமுறை போய் வாருங்கள். குப்பையை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.