பொதிகைக்கு மேலே ஓர் அகத்தியர்... எடைதான் அவர் தலையெழுத்து!

விக்கிரமசிங்கபுரம் மக்களுக்கு அகத்தியர் எங்கோ இருக்கும் முனிவர் அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி. ஊருக்கு மேற்கே நிற்கும் பொதிகை அவருடைய மலை. பாபநாசத்துக்கு மேலே விழும் அருவிக்கு அவர் பெயர். சிவன் - பார்வதி திருமணத்துக்குக் கயிலாயத்தில் கூட்டம் சேர்ந்ததில் பூமி வடக்கே தாழ்ந்துவிட, அதைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் அவர் என்பது புராணம். அந்தத் திருமணக் கோலத்தை இறைவன் அவருக்குக் காட்டிய இடம் பாபநாசம் என்கிறது தலபுராணம்.

இதே ஊரில் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்னோர் அகத்தியரும் தெரிவார். அவர் ஒரு நட்சத்திரம்! மேல்நாட்டார் கேனோப்பஸ் என்று அழைக்கும் அந்த நட்சத்திரத்துக்கு நம் நாட்டில் காலங்காலமாக அகத்தியர் என்றே பெயர். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமான நட்சத்திரம் இதுதான். டெல்லியில் இது அடிவானத்துக்கு மேலே 9 டிகிரி உயரம்கூட ஏறாது. தாமிரபரணிக் கரையில் ஏறக்குறைய 28 டிகிரி உயரத்தில் ஜோராக மின்னும்.

நாயக்கர் காலத்து வெளிச்சம்

அகத்திய நட்சத்திரம் சுமார் 310 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று உங்கள் கண்ணில் படும் அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, மதுரையை நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

இதன் எடை சூரியனைப் போல 8 முதல் 10 மடங்கு. வெளிச்சமோ சுமார் 10,000 மடங்கு! ஆனால், எடை அதிகமுள்ள நட்சத்திரம் ஊதாரிப் பணக்காரர் மாதிரி. கையிருப்பு அதிகம், செலவு அதைவிட அதிகம். நிதானமாக எரியும் சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். அதில் 460 கோடி ஆண்டுகள் முடிந்துவிட்டன. அகத்தியருக்குக் கிடைத்ததோ சில கோடி ஆண்டுகள்தான். அவர் இப்போதே முதுமையில் இருக்கிறார்.

அப்படியென்றால் முடிவு எப்படி இருக்கும்? அதற்கான கணக்கைப் போட்டவர் ஒரு தமிழர்.

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், மேற்படிப்புக்காக மும்பையிலிருந்து கப்பல் ஏறினார். இவர் சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். பயண நாட்களில் அவர் மனதைக் குடைந்த கேள்வி, எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் என்ன ஆகும் என்பதுதான்.

நட்சத்திரத்தின் வாழ்க்கை ஓர் இழுபறி. தன் எடையே அதை உள்நோக்கி நசுக்கும். நடுவில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகும்போது பிறக்கும் வெப்பம் வெளியே தள்ளும். எரிபொருள் தீர்ந்ததும் எடையின் கை ஓங்கும். சூரியன் போன்றவை கடைசியில் பூமி அளவுக்குச் சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' ஆகி மெல்ல ஆறிப்போகும். எல்லா நட்சத்திரங்களுக்கும் இதே அமைதியான முடிவுதான் என்று அன்றைய விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

இல்லை என்றது சந்திரசேகரின் கணக்கு. மிஞ்சும் மையப்பகுதி ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டினால், அது சுருங்குவதை நிறுத்தவே முடியாது. அந்த எல்லை, சூரியனின் எடையைப் போல சுமார் 1.4 மடங்கு. இன்று இதற்குப் பெயர் 'சந்திரசேகர் எல்லை'.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதை அவர் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர், அன்றைய வானியல் ஜாம்பவான் ஆர்தர் எடிங்டன். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்று அவர் கேலியாகச் சொல்ல, கூட்டம் சிரித்தது. 24 வயது இளைஞர் மனம் நொந்தார். ஆனால் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது.

நம் ரத்தத்தில் நட்சத்திரம்

அந்த நோபலைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபௌலர் விடை தேடியது இன்னொரு கேள்விக்கு. உலகில் இத்தனை தனிமங்கள் எங்கிருந்து வந்தன?

சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பில் பிரபஞ்சம் விரியத் தொடங்கியது. முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம். அவ்வளவுதான். இரும்பு இல்லை, கால்சியம் இல்லை, ஆக்சிஜன்கூட இல்லை. பிறகு வாயு மேகங்கள் திரண்டு நட்சத்திரங்கள் பிறந்தன. அவற்றின் வயிற்றில்தான் மற்ற தனிமங்கள் பலவும் சமைக்கப்பட்டன. பெரிய நட்சத்திரத்தின் இரும்பு மையம் சந்திரசேகர் எல்லையைத் தாண்டியதும் நொறுங்கி விழ, மீதி நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடிக்கும். மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம் அல்லது கருந்துளை. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து அந்த எல்லையை நெருங்கும் வெள்ளைக் குள்ளனும் வெடிக்கும். இப்படிச் சிதறியதுதான் நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு.

தாமிரபரணித் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பாருங்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் பெருவெடிப்பின் மிச்சம். ஆக்சிஜன், என்றோ மடிந்த நட்சத்திரங்களின் கொடை. ஆற்றின் பெயரில் இருக்கும் தாமிரமும் அப்படி வந்ததுதான்.

அகத்தியர் என்ன ஆவார்?

அகத்தியர் நிற்பது சரியாக எல்லைக்கோட்டில். சூரியனைவிடச் சுமார் 8 மடங்குக்கு மேல் எடையுடன் பிறந்தவையே பொதுவாக வெடிக்கும். இவர் எடையும் அதை ஒட்டியே இருப்பதால், வெள்ளைக் குள்ளனாக அடங்கலாம். சூப்பர்நோவாவாக வெடிக்கவும் செய்யலாம். புராணத்தில் உலகைச் சமன்செய்த அகத்தியருக்கு, வானத்தில் தன் எடையே தராசு!

பார்க்க டெலஸ்கோப் வேண்டாம். பிப்ரவரியில் இரவு 9 மணி வாக்கில் பிள்ளைகளோடு மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே திரும்பி நில்லுங்கள். மேலே பளிச்சென்று மின்னுவது சிரியஸ். அங்கிருந்து அடிவானம் நோக்கிப் பார்வையை இறக்கினால், அடுத்துப் பிரகாசமாகத் தெரிபவர்தான் அகத்தியர். விடிவதற்கு முன்பே அவர் தென்மேற்கே, பொதிகை மலைத்தொடர் பக்கமாக இறங்கிவிடுவார்.